பழைய நாட்குறிப்பிலிருந்து ஒரு சேம்பர் பாட்டு எழுதுவது எப்படி?

மலையடிவாரத்தில் வாழ்ந்த ஒருவரின் காப்பக நாட்குறிப்பை வைத்து, குரல், பியானோ, வயோலா (வயலினைவிடச் சற்றுப் பெரிய, தாழ்ந்த ஒலியுள்ள வில் வாத்தியம்) மூன்றுக்கும் சேம்பர் பாட்டு, அதாவது ஓரிரு வாத்தியங்களோடு சிறு அரங்கில் பாடும் பாட்டு, எழுத எங்கே தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். மெட்டு ஏற்கெனவே தலைக்குள் ஓடிக்கொண்டிருக்கும், வார்த்தைதான் அதில் உட்கார மாட்டேன் என்கிறது. அப்படித்தானே? மெட்டைத் தள்ளி வையுங்கள்.

முதலில் உரிமை. காகிதம் காப்பகத்தில் இருப்பதால் பதிப்புரிமையும் அங்கேயே இருக்கும் என்றில்லை, வாரிசுகளிடம் இருக்கலாம். இறந்து 60 ஆண்டு ஆகிவிட்டதே என்றும் இருந்துவிட முடியாது. எழுதியவர் இறந்தபின் வெளியான எழுத்துக்கு இந்தியச் சட்டம் வெளியான ஆண்டிலிருந்துதான் 60 ஆண்டு எண்ணும்.

அடுத்தது வெட்டு. நான்கு நிமிடப் பாட்டுக்கு 70 சொல்லே தாராளம். வெட்டலாம், ஒட்டக் கூடாது. தேதி, மழை, காய்ச்சல் போன்ற வறண்ட குறிப்புகளை விட்டுவிடாதீர்கள், நாட்குறிப்பின் குரலே அவற்றில்தான் இருக்கிறது. உரைநடை பாட்டாகாது என்று யாராவது வருவார்கள். ஆங்கில எழுத்தாளர் வர்ஜீனியா வுல்ஃபின் நாட்குறிப்பை வைத்து அமெரிக்க இசையமைப்பாளர் டொமினிக் ஆர்ஜென்டோ 1974இல் எழுதிய பாடல்வரிசைக்கு 1975இல் இசைக்கான புலிட்சர் பரிசு கிடைத்தது என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

பெரும்பாலும் சறுக்குவது மாத்திரையில், அதாவது எழுத்தை ஒலிக்கும் கால அளவில். ‘மலை’யில் ‘ம’வை இரண்டு தட்டு இழுத்தால் அது ‘மாலை’. மலையைப் பற்றிய பாட்டில் இது சின்ன விபத்தா? இழுத்தே ஆகவேண்டுமென்றால் ‘லை’யில் இழுங்கள். ‘காற்று’ வந்தால் சங்கதியெல்லாம், அதாவது சுர வளைவுகளெல்லாம், ‘கா’வில் முடியட்டும். கடைசி ‘று’ அரை மாத்திரைதான், நீண்ட சுரத்தில் வைத்தால் ‘காற்றூ’ ஆகிவிடும். ‘மரம்’ போன்ற சொல்லுக்கு ‘ம்’மிலேயே முனகி நிற்கலாம், ‘ட்’, ‘க்’கில் நிற்க முடியாது. கர்நாடக இசையில் குறிலை இழுக்கிறார்களே என்பீர்கள். அங்கே பாட்டு கேட்பவருக்கு ஏற்கெனவே மனப்பாடம். உங்கள் நாட்குறிப்பை யாரும் கேட்டதே இல்லை.

பெண்குரல் என்றால் முக்கியமான சொற்களை நடு சி-க்கு (பியானோவின் நடுவிலுள்ள சி சுரம்) மேலுள்ள டி முதல் அடுத்த சி வரைக்குள் வையுங்கள். அதற்கு மேலே போகப் போக உயிரெழுத்துகள் ஒன்றுபோல ஒலிக்கத் தொடங்கும். வரிகளை அச்சடித்துக் கொடுக்கலாமே என்றால், அச்சடித்துக் கொடுத்துவிட்டு விளக்கையும் அணைத்துவிடுகிறார்கள் அரங்குகளில்! இருட்டில் யார் படிப்பது?

நிலத்துக்கு வருவோம். மலையின் விளிம்புக்கோட்டை அப்படியே மெட்டாக்க ஆசை வரும். பிரேசில் இசையமைப்பாளர் வீலா-லோபோஸ் நியூயார்க் கட்டடங்களின் விளிம்புக்கோட்டை அப்படிச் செய்தவர்தான். ஆனால் காது படத்தைக் கேட்பதில்லை, தூரத்தைக் கேட்கும். உயர் அதிர்வெண்களைத்தான் காற்று முதலில் விழுங்குகிறது, அதனால் தூரத்து ஒலி மெலிவதோடு மங்கியும் போகிறது. அதைக் காட்ட வயோலாவுக்கு மியூட் (ஒலியை அடக்கும் சிறு கவ்வி) போட்டு, வில்லை விரல்பலகைமேல் நகர்த்துங்கள். பியானோவுக்கு ஒலியை மென்மையாக்கும் இடது பெடல்.

தொடுவானம்போல் நீளும் ஒற்றைச் சுரத்தைப் பியானோவிடம் கொடுக்காதீர்கள், அடித்த நொடியிலிருந்தே அது தேயும். வயோலாவின் திறந்த சி தந்தியில், அதாவது விரல் வைக்காமல் ஒலிக்கும் அதன் மிகத் தாழ்ந்த தந்தியில், வையுங்கள். அது குரலுக்கு அடியில் இருப்பதால் சொல்லையும் மறைக்காது. வயோலா குரலின் உயரத்துக்கே ஏறி வந்தால் மறைக்கும். அந்த இடங்களில் குரல் ஓய்வெடுக்கட்டும். பாடகி மறுபடி நுழைவதற்கு இரண்டு தட்டு முன்பாக அவருடைய முதல் சுரத்தை வயோலாவில் கேட்கும்படி எழுதிவிடுங்கள்.