பட்டாளத்தில் இருக்கும்போதே பட்டத்தை முடித்துவிடுங்கள்

கேள்வி: "ராணுவத்தில் நாயக்காக இருக்கிறேன், 11 வருட சேவை, ப்ளஸ் டூ பாஸ். 15 வருடம் முடித்தாலே டிகிரிக்குச் சமம் என்று யூனிட்டில் சொல்கிறார்கள். அப்படியென்றால் நான் தனியாகப் படிக்க வேண்டுமா? என் தம்பி அக்னிவீர் (4 வருட சேவைத் திட்டத்தில் சேர்ந்த வீரன்), அவனுக்கு என்ன வழி இருக்கிறது?"

படிக்க வேண்டும், தம்பி. அந்த "சமம்" என்ற ஒரு வார்த்தையை நம்பித்தான் நான் சில வருடங்களை இழந்தேன், அதனால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

24 வருடம் சேவை செய்து ஹவில்தாராக வெளியே வந்தேன். டிஸ்சார்ஜ் புக்கோடு சேர்த்து, பட்டப்படிப்புக்குச் சமமான தகுதி என்று ஒரு சான்றிதழும் கையில் கொடுத்தார்கள். அதை லேமினேட் செய்து வைத்துக்கொண்டு, ஆசையாக எம்.ஏ. வரலாறு சேரலாம் என்று ஒரு பல்கலைக்கழகத்தில் விண்ணப்பித்தேன். கவுன்ட்டரில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் மூன்று வருட மார்க்‌ஷீட் எங்கே என்று கேட்டார். என்னிடம் இல்லை. சேர்த்துக்கொள்ள முடியாது என்று விண்ணப்பத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது மனசு ரொம்பவே கனத்துப் போயிருந்தது, ஆனால் அவர் சொன்னதில் தப்பு எதுவும் இல்லை.

விஷயம் இதுதான். பத்தாம் வகுப்பு முடித்து, குறைந்தது 15 வருடம் முப்படைகளில் சேவை செய்த முன்னாள் படைவீரரை, பட்டப்படிப்பு தகுதியாகக் கேட்கும் மத்திய அரசின் குரூப் சி (கிளார்க் போன்ற) வேலைகளுக்குத் தகுதியானவராக எடுத்துக்கொள்ளலாம் என்று ஒரு சலுகை இருக்கிறது. நல்ல சலுகை, அதை வைத்து வேலைக்குப் போனவர்கள் நிறையப் பேர். ஆனால் அது வேலைக்கான சலுகை மட்டுமே, படிப்பு அல்ல. அதை வைத்து எம்.ஏ. சேர முடியாது, பி.எட். சேர முடியாது, சட்டம் படிக்க முடியாது. குரூப் சி-க்கு மேலே உள்ள பதவிகளுக்குப் பட்டம் கேட்டால் உண்மையான பட்டம்தான் வேண்டும். சான்றிதழில் இருக்கும் வாசகத்தை யாரும் முழுசாகப் படிப்பதில்லை, "டிகிரி வந்துருச்சு" என்று ஸ்வீட் வாங்கிக் கொடுத்துவிட்டு அப்படியே விட்டுவிடுகிறோம்.

உங்களுக்கு 11 வருடம்தான் ஆகியிருக்கிறது. 15 வருடம் முடிய இன்னும் 4 வருடம் இருக்கிறது, ஒரு பட்டப்படிப்புக்கு 3 வருடம் போதும். கணக்கு உங்கள் பக்கம்தான் இருக்கிறது.

எங்கே படிப்பது? பணியில் இருப்பவருக்கு இக்னோ என்கிற இந்திரா காந்தி தேசிய திறந்தநிலைப் பல்கலைக்கழகம் எல்லாவற்றையும்விட வசதி என்று அனுபவத்தில் சொல்கிறேன். ஜனவரி, ஜூலை என்று வருடத்துக்கு இரண்டு முறை சேர்க்கை, ஜூன், டிசம்பரில் தேர்வு. பி.ஏ.வைக் குறைந்தது 3 வருடத்தில் முடிக்கலாம், முடியாவிட்டால் 6 வருடம் வரை அவகாசம் உண்டு. ஃபீல்டு ஏரியாவில் மாட்டிக்கொண்டு ஒரு தேர்வை விட்டுவிட்டாலும் குடி முழுகிப் போகாது, அடுத்த ஆறு மாதத்தில் எழுதிக்கொள்ளலாம். தேர்வுப் படிவம் போடும்போதே எந்த ஊர் மையம் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம், ஆகவே சேர்ந்தது ஜோத்பூரில் என்றாலும் தேர்வைச் சென்னையில் எழுத முடியும். போஸ்டிங் மாறிக்கொண்டே இருக்கும் நமக்கு இந்த ஒரு வசதியே பெரிய விஷயம். அசைன்மென்டை மட்டும் தள்ளிப் போடாதீர்கள், பல பாடங்களில் மதிப்பெண்ணில் 30 சதவீதம் அதற்குத்தான், அதை அனுப்பாமல் பேப்பரில் பாஸாகியும் பாடம் முடியாமல் கிடந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

தமிழ் வழியில்தான் படிப்பேன் என்றால் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகம் இருக்கிறது, 2002-இல் தொடங்கியது. நல்ல பாடப்புத்தகங்கள். ஆனால் மாநிலத்துக்குள் வந்துதான் தேர்வு எழுத வேண்டியிருக்கும், அதற்கு லீவு கிடைக்குமா என்பது உங்கள் யூனிட் நிலவரத்தைப் பொறுத்தது. ஓய்வுக்குப் பிறகு படிப்பவர்களுக்கு இது பொருத்தம்.

தபால் வழி, இணைய வழி எதுவாக இருந்தாலும் அந்தப் படிப்புக்கு அந்த வருடம் யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) அனுமதி இருக்கிறதா என்று யுஜிசி தளத்திலேயே பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். முறையாக அனுமதி பெற்ற தொலைதூரப் பட்டம், நேரடியாகக் கல்லூரிக்குப் போய் வாங்கிய பட்டத்துக்குச் சமம்தான், அதில் சந்தேகம் வேண்டாம். இன்ஜினியரிங், மருத்துவம், நர்சிங், சட்டம் போன்றவற்றைத் தொலைதூரத்தில் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள், அவற்றுக்கு அனுமதியே கிடையாது. ஒரே வருடத்தில் டிகிரி, பழைய தேதி போட்டுத் தருகிறேன் என்று பென்ஷன்காரர்களைத் தேடி வரும் ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். என்னோடு ஓய்வு பெற்ற ஒருவர் தன் கிராஜுவிட்டி பணத்திலிருந்து எடுத்துக் கொடுத்து, சான்றிதழ் சரிபார்ப்பில் மாட்டி, கிடைத்த வேலையையும் இழந்தார். இதை எழுதும்போதுகூட எனக்கு ஆத்திரம் வருகிறது.

உங்களுக்குப் பொருந்தாது, ஆனால் இதைப் படிக்கும் வேறு யாருக்காவது பொருந்தலாம்: பத்தாவதோடு பட்டாளத்தில் சேர்ந்தவர்கள் நேராகத் திறந்தநிலைப் பட்டத்துக்குத் தாவாதீர்கள். தமிழ்நாடு அரசு வேலைக்குப் பத்தாவது, பன்னிரண்டாவது, பிறகு பட்டம் என்ற வரிசை இருக்க வேண்டும் என்று 2009-இல் அரசாணை வந்திருக்கிறது. முதலில் தேசிய திறந்தநிலைப் பள்ளியில் பன்னிரண்டாவதை முடியுங்கள். ஒரு வருடம் கூடுதலாகப் போகும், போகட்டும்.

சரி, தம்பிக்கு வருவோம். அவன் விஷயத்தில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும், ஏனென்றால் 4 வருடத்தில் வெளியே வரும் அக்னிவீருக்கு முன்னாள் படைவீரர் தகுதி கிடையாது. அந்த 15 வருட சலுகை அவனுக்கு எந்தக் காலத்திலும் வராது. ஆனால் அவனுக்கென்றே ஒரு நல்ல வழி இருக்கிறது. 2022-இல் அக்னிபத் திட்டம் அறிவித்தபோதே, இக்னோ மூலம் அக்னிவீர்களுக்குத் தனிப் பட்டப்படிப்பும் அறிவித்தார்கள். பட்டத்துக்கான மொத்த கிரெடிட்டில் (பாட மதிப்பு அலகுகளில்) பாதி அவன் படையில் எடுக்கும் பயிற்சிக்கே வந்துவிடும், மீதிப் பாதிக்கு மட்டும் பாடம் படித்துத் தேர்வு எழுத வேண்டும். சேவையில் இருக்கும்போதே அதில் சேரச் சொல்லுங்கள். வெளியே வரும்போது கையில் கிடைக்கும் சுமார் 11.71 லட்சம் சேவா நிதியை ஏதாவது தனியார் கல்லூரி சீட்டில் கொண்டுபோய்ப் போடும் நிலைமை வரக் கூடாது. அது அவன் உழைப்பு.

பட்டம் கையில் இருந்து வயதும் இருந்தால் யுபிஎஸ்சி நடத்தும் சிடிஎஸ் என்ற படை அதிகாரிகளுக்கான தேர்வு எழுதி அதிகாரியாகவே திரும்பி வரலாம். சென்னை பரங்கிமலை ஓ.டி.ஏ.வுக்கு (அதிகாரிகள் பயிற்சி அகாடமி) ஏறக்குறைய 25 வயது வரை வாய்ப்பு உண்டு, அங்கே பயிற்சி முடிக்கும் கேடட்டுகளுக்குச் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதுநிலை டிப்ளமாவும் கிடைக்கிறது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிப்பாயாக இருந்துகொண்டே அதிகாரியாக ஏ.சி.சி. (ராணுவ கேடட் கல்லூரி) என்ற வழி இருக்கிறது, டேராடூனில் 3 வருடம் படித்து டெல்லி ஜேஎன்யூ பல்கலைக்கழகப் பட்டம் வாங்கி, பிறகு ஐ.எம்.ஏ.வில் (இந்திய ராணுவ அகாடமி) ஒரு வருடப் பயிற்சி. சம்பளத்தோடு கல்லூரிப் படிப்பு! ப்ளஸ் டூவும் 2 வருட சேவையும் போதும், ஆனால் 27 வயதுக்குள் போயிருக்க வேண்டும், உங்களுக்கு அந்த வயது தாண்டியிருக்கும். உங்கள் யூனிட்டில் இருக்கும் சின்னப் பையன்களிடம் தயவுசெய்து இதைச் சொல்லுங்கள். என் காலத்தில் எனக்கு யாரும் சொல்லவில்லை.

ஓய்வுக்கு முன்னால் டி.ஜி.ஆர். (பாதுகாப்பு அமைச்சகத்தின் மறுவாழ்வு இயக்ககம்) நடத்தும் மறுவாழ்வுப் பயிற்சிகளையும் விடாதீர்கள், ஜேசிஓ (சுபேதார் போன்ற இளநிலை அதிகாரிகள்), ஜவான்களுக்குக் கட்டணம் கிடையாது. ஆனால் அது வேலைக்கான பயிற்சி, பட்டத்துக்குப் பதில் ஆகாது.

நான் கடைசியில் 43 வயதில் இக்னோவில் பி.ஏ. சேர்ந்து, மகளோடு ஒரே மேஜையில் உட்கார்ந்து படித்து முடித்தேன், பிறகு ஆசைப்பட்டபடி எம்.ஏ. வரலாறும் முடித்தேன். ஓய்வுக்குப் பிறகும் படிக்கலாம்தான். ஆனால் வெளியே வந்ததும் வீடு கட்டுவது, பிள்ளைகள் படிப்பு, புது வேலை என்று எல்லாம் ஒரே நேரத்தில் வந்து நிற்கும், பாரக்கில் ராத்திரி கிடைத்த அந்த ஒரு மணி நேரம் வீட்டில் கிடைக்காது.

சேர்வதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று பாக்கி இருக்கிறது. ப்ளஸ் டூ மார்க்‌ஷீட், ஆதார், சர்வீஸ் ரெக்கார்டு மூன்றிலும் உங்கள் பெயரும் பிறந்த தேதியும் ஒரே மாதிரி இருக்கிறதா பாருங்கள். நம் ஊர் மார்க்‌ஷீட்டில் இனிஷியல் முன்னால் இருக்கும், பட்டாளத்தில் அதையே பின்னால் போட்டோ, அப்பா பெயரை விரித்தோ எழுதியிருப்பார்கள், இந்த வித்தியாசத்தால் பட்டம் வாங்கிய பிறகு பார்ட் டூ ஆர்டரில் (சேவைப் பதிவை மாற்றும் யூனிட் ஆணை) படிப்பை ஏற்ற முடியாமல் அலைந்தவர்கள் உண்டு. அடுத்த லீவில் வரும்போது அசல் மார்க்‌ஷீட்டை எடுத்துப் போய் யூனிட் கிளார்க்கிடம் காட்டி ஒப்பிட்டுவிடுங்கள், திருத்தம் ஏதாவது இருந்தால் அதை முடித்துவிட்டு வரும் ஜனவரி அல்லது ஜூலையில் சேர்ந்துவிடுங்கள்.