பொமரேனியனின் முழங்கால் சில்லு: அறுவை சிகிச்சையில் எதைச் சரிசெய்கிறார்கள்?

கேள்வி: எங்கள் 3 வயது பொமரேனியன் முன்பு ஓடும்போது மட்டும் ஒரு பின்னங்காலைத் தூக்கும். இப்போது பாதி நேரம் மடக்கியே நடக்கிறது. சில்லு விலகல், மூன்றாம் கிரேடு, அறுவை சிகிச்சை வேண்டும் என்கிறார் மருத்துவர். வலியில் கத்துவதே இல்லையே, அவசியமா?

பதில்: அவசியம்தான். கத்தாததை வைத்து வலி இல்லை என்று சொல்லிவிட முடியாது. முதல் கிரேடில் கையால் தள்ளினால்தான் சில்லு விலகும். அதை அறுவை செய்யாமல் கவனித்தால் போதும். இரண்டாவதில் நொண்டும் அளவைப் பார்த்து முடிவெடுக்கலாம். மூன்றாவதில் சில்லு விலகியேதான் கிடக்கும். திருப்பி வைத்தாலும் மீண்டும் நழுவும். நழுவும்போதெல்லாம் அதன் அடியிலுள்ள குருத்தெலும்பு தேய்கிறது. மூட்டுக்குள் குறுக்காக இருந்து அதைப் பிடித்திருக்கும் சிலுவைத் தசைநாரும் நாளடைவில் அறுந்துபோகலாம்.

தொடை எலும்பின் நுனியில் சில்லு அமர்ந்து ஓடும் பள்ளத்தை ஆழமாக்கினால் தீர்ந்தது என்று பலர் நினைக்கிறார்கள். சின்ன இன நாய்களில் பெரும்பாலும் கோளாறு இழுவைக் கோட்டில். சில்லைப் பிடித்திருக்கும் தசைநார் முழங்காலுக்குக் கீழுள்ள கணைக்கால் எலும்பின் முன்முடிச்சில் (முன்பக்க மேட்டில்) போய்ச் சேர்கிறது. அந்த முடிச்சு உட்புறம் தள்ளியிருப்பதால் சில்லும் உள்ளே இழுபடுகிறது. முடிச்சை வெட்டி வெளிப்புறம் நகர்த்தி, ஓரிரு கம்பிகளால் பொருத்துவார்கள். பள்ளம் ஆழமில்லை என்றால், மேலுள்ள குருத்தெலும்பை ஆப்பு வடிவிலோ செங்கல் வடிவிலோ எடுத்து, அடி எலும்பைக் குறைத்து, அதையே திரும்பப் பதிப்பார்கள். சில்லின் உயரத்தில் பாதியாவது உள்ளே அமர வேண்டும். கடைசியாக உட்புறத் திசுவைத் தளர்த்தி, வெளிப்புறத்தை இறுக்கித் தைப்பார்கள். முடிச்சை நகர்த்த வேண்டிய காலில் அதை விட்டுவிட்டுப் பள்ளத்தை மட்டும் வெட்டினால் சில்லு மறுபடி விலகும். ஆகவே, ‘முடிச்சை நகர்த்துவீர்களா, இல்லையென்றால் ஏன்?’ என்று முன்கூட்டியே கேளுங்கள். தொடை எலும்பே வளைந்திருந்தால் அதையும் வெட்டி நிமிர்த்த வேண்டியிருக்கும்; எக்ஸ்ரேயில் தெரியும்.

அறுவைக்குப் பிறகு வரும் 6 முதல் 8 வாரங்கள்தான் வீட்டுக்காரர்கள் கோட்டைவிடும் இடம். இரண்டாம் வாரத்திலேயே நாய் துள்ளும். சோபாவில் ஒரு தாவல் தாவினால் முடிச்சு பிய்ந்துவிடலாம், கம்பி நகரலாம். கூண்டிலோ சிறு தடுப்பிலோ வையுங்கள். சிறுநீர், மலத்துக்கு மட்டும் கயிறு கட்டி 5 நிமிடம் வெளியே விடுங்கள். வழுக்கும் டைல்ஸ் மேல் பாய் விரியுங்கள். தையல் பிரிக்கும்வரை, அதாவது 10-14 நாள், தையலை நக்காமல் தடுக்கும் கழுத்துக் கூம்பைக் கழற்றாதீர்கள். எடை ஏறாதபடி தீனியைக் குறையுங்கள். நம் வீட்டு பாராசிட்டமால், ஐபுபுரோஃபென் எதையும் கொடுக்கவே கூடாது.

எலும்பு சேர்ந்ததை எக்ஸ்ரேயில் பார்த்த பிறகே ஓட விடுங்கள். மறுகாலிலும் இதே கோளாறு இருக்கலாம். அதையும் இப்போதே சோதிக்கச் சொல்லுங்கள்.