வாசகர் கேள்வி: ஒழுகும் கேபின், கொதிக்கும் கூரை

எங்கள் விசைப்படகு பழையது. கேபின் கூரை பிளைவுட், மேலே பைபர். மழையில் ஒழுகுகிறது, வெயிலில் உள்ளே உட்கார முடியவில்லை. போன மீன்பிடித் தடைக்காலத்தில் மேலே ஒரு கோட் பைபர் அடித்தும் நிற்கவில்லை. இந்த முறை உள்பக்கம் தெர்மாகோல் ஒட்டிவிடலாமா?
- ராமேசுவரம் வாசகர்

தெர்மாகோலை அப்புறம் பார்ப்போம், முதலில் ஒழுகலை நிறுத்துங்கள். ஈரம் குடித்த பலகைக்கு அடியில் எதை ஒட்டினாலும் அந்த ஈரம் காய வழியில்லாமல் பலகை இன்னும் வேகமாக மக்கும். போன வருடக் கோட் நிற்காததற்கும் இதுதான் காரணமாக இருக்கும்: ஈர மரத்தில் ரெசின் (பைபரை ஒட்டி இறுக்கும் பிசின்) பிடிக்காது, பார்க்கப் பளபளவென்று இருந்தாலும் அடியில் உரிந்து கிடக்கும்.

சொட்டும் இடத்தில் ஓட்டையைத் தேடாதீர்கள். ஜிபிஎஸ் ஆன்டெனா, வயர்லெஸ் கம்பம், ஃபோகஸ் லைட், கைப்பிடிக் கம்பி, இவற்றின் போல்ட் ஓட்டைகள்தான் பெரும்பாலும் வாசல். படகு குலுங்கக் குலுங்க போல்ட் தளர்ந்து, உள்ளே போன தண்ணீர் பிளைவுட் அடுக்குகளுக்குள் ஊர்ந்து எங்கோ தள்ளிச் சொட்டும். எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுத்தியல் பிடியால் கூரை முழுக்கத் தட்டிப் பாருங்கள். நல்ல இடம் டக்கென்று கேட்கும், மக்கின இடம் பொத்தென்று கேட்கும், அதைச் சாக்பீஸால் வட்டம் போட்டுக்கொண்டு, வட்டத்துக்கு வெளியே ஒரு சாண் தள்ளியே மேல் பைபரை வெட்டி எடுங்கள்.

மக்கினதைச் சுரண்டிவிட்டு நன்றாகக் காயவிடுங்கள். தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கையில் இருக்கிறது, அக்னி நட்சத்திர வெயிலும் கூடவே வருகிறது, அவசரப்பட வேண்டாம். புதுப் பலகை ஐ.எஸ். 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட்டாக இருக்கட்டும். ரெசின் வேலையைக் காலையிலேயே, கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து செய்யுங்கள், உச்சி வெயிலில் டப்பாவிலேயே இறுகிவிடும். ஒன்றைக் கண்டிப்பாகச் சொல்கிறேன்: ரெசினை இறுக வைக்கச் சேர்க்கும் கோபால்ட்டையும் ஹார்டனரையும் ஒன்றோடொன்று நேரடியாகச் சேர்க்கவே கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை ரெசினில் நன்றாகக் கலந்த பிறகே ஹார்டனர்.

போல்ட் ஓட்டைகளைப் பெரிதாக்கி எபாக்சி பசையால் அடைத்து, இறுகியதும் அதன் நடுவில் புதிதாகத் துளையிடுங்கள். அப்படிச் செய்தால் நாளைக்கு போல்ட் தளர்ந்தாலும் தண்ணீர் மரத்தைத் தொடாது.

இப்போது சூடு. கூரையின் மேலே வெள்ளை பெயிண்ட், அதிலேயே நல்ல வித்தியாசம் தெரியும். உள்பக்கம் தெர்மாகோல் வேண்டாம், பைபர் ரெசின் பட்டால் கரைந்துவிடும், குலுக்கலில் உதிரவும் செய்யும். கண்ணாடிக் கம்பளி ஈரத்தைக் குடித்து வைத்துக்கொள்ளும். தகரக் கூரைக்கு அடியில் ஒட்டுவார்களே, அலுமினியத் தாள் வைத்த ஃபோம் ஷீட், அது தண்ணீர் குடிக்காது, அதை இடைவெளி விடாமல் ஒட்டுங்கள். அடுப்புக்கும் சைலன்சர் குழாய்க்கும் பக்கத்தில் மட்டும் எந்த ஃபோமும் கூடாது, தீப்பிடித்தால் அந்தப் புகையே ஆளைக் கொல்லும்.

பழைய கூரையை அப்படியே விட்டு, மேலே இன்னொரு பிளைவுட் அடித்தால் வேலை மிச்சம்தானே?
- தூத்துக்குடி வாசகர்

வேண்டாம். அடியில் மக்கல் தொடரும், கேபின் உச்சியில் பாரமும் ஏறும். மேலே பாரம் ஏற ஏறப் படகு சாய்ந்தால் நிமிர்வது கஷ்டம். கூரையில் வலையும் தண்ணீர் கேனும் ஏற்கெனவே இருந்தால், முதலில் அவற்றைக் கீழே இறக்குங்கள்.