எல்லாம் தெரிந்த ஹீரோ ஏன் சும்மா நிற்கிறான்? இறுதிக்கால இளையோர் நாவல்கள் பற்றிச் சில கேள்விகளும் பதில்களும்

இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே பதின்ம வயதினருக்கான கிறிஸ்தவ இறுதிக்கால நாவல்களைப் பற்றியவை. பெரும்பாலானவர்கள் ‘லெஃப்ட் பிஹைண்ட்’ தொடரையும் அதன் இளையோர் கிளையையும் மனதில் வைத்தே கேட்டிருக்கிறீர்கள். நானும் அதை வைத்தே பதில் சொல்கிறேன்.

கல்லூரி மாணவி, பாளையங்கோட்டை: அக்கா, நான் இந்தத் தொடரைப் படித்ததில்லை. கதை என்ன என்று சுருக்கமாகச் சொல்வீர்களா?

டிம் லஹேய் என்ற போதகரும் ஜெர்ரி ஜென்கின்ஸ் என்ற எழுத்தாளரும் 1995-ல் தொடங்கியது. பெரியவர்களுக்கான மூலத்தொடர் 12 நூல்களாக 2004 வரை ஓடியது. கிறிஸ்து தம்முடையவர்களை எடுத்துக்கொள்ளும் இரகசிய வருகையில் விசுவாசிகளும் உலகத்துக் குழந்தைகள் அத்தனை பேரும் ஒரே நொடியில் மறைந்துபோகிறார்கள். மிச்சமிருப்பவர்கள் ஏழு வருட உபத்திரவ காலத்தைக் கடக்க வேண்டும். நிக்கோலே கார்பத்தியா என்ற ருமேனிய அரசியல்வாதி ஐ.நா. பொதுச்செயலாளராகி, அப்புறம் உலகத்துக்கே தலைவனாகிறான். அவன்தான் அந்திக்கிறிஸ்து, அதாவது கடைசிக் காலத்தில் கிறிஸ்துவுக்கு எதிராக எழும்புபவன்.

இளையோர் தொடர் 1998 முதல் 2004 வரை 40 சிறு நூல்களாக வந்தது. அப்பாவின் கிரெடிட் கார்டில் டிக்கெட் வாங்கி லண்டனுக்கு ஓடிப்போகும் ஜட். ட்ரெய்லர் வீட்டில் வாழும், மனந்திரும்பிய பெற்றோரோடு முறைத்துக்கொண்டிருந்த விக்கி. விசுவாசக் குடும்பத்தில் பிறந்து விசுவாசியாக நடித்த லயனல். ஆலயத்துக்கே போகாத வீட்டுப் பையன் ரயன். சிகாகோ புறநகரில், தானும் கைவிடப்பட்ட ஒரு பாஸ்டர் இவர்களைச் சேர்த்துக்கொள்கிறார். நான்கு பிள்ளைகளுக்கும் நான்கு விதமான குற்றவுணர்வு இருப்பதால் தொடக்கம் பிரமாதமாக அமைந்துவிடுகிறது. எனக்குள்ள சண்டையெல்லாம் அதற்குப் பிறகு வருவதோடுதான்.

இளைஞர் ஊழியர், தூத்துக்குடி: அடுத்து என்ன நடக்கும் என்று இந்த ஹீரோக்களுக்கு முன்கூட்டியே தெரியும். ஆனாலும் எதையும் செய்வதில்லை. எழுத்தாளர்களுக்குத் திறமை போதவில்லையா, வேறு காரணம் உண்டா?

திறமைக் குறை ஒரு பங்குதான். மீதி, கதையின் அமைப்பிலேயே இருக்கிறது.

ஜான் நெல்சன் டார்பி என்ற போதகர் 1830-களில் வகுத்த போதனை, 1909-ல் வந்த ஸ்கோஃபீல்ட் குறிப்புரை வேதாகமம் வழியாக அமெரிக்கச் சபைகளுக்குள் ஆழமாகப் போனது. அந்தப் போதனையில் இறுதிக்காலம் வெளிப்படுத்தின விசேஷத்திலிருந்து எடுத்த ஓர் அட்டவணை: ஏழு முத்திரை, ஏழு எக்காளம், ஏழு கலசம். நாவலாசிரியர்கள் அந்த 21 நிகழ்வுகளையும் வரிசையாக நடத்திக் காட்ட வேண்டும். ஹீரோ ஒன்றைத் தடுத்துவிட்டால் தீர்க்கதரிசனம் பொய்யாகிவிடும், அதனால் அவனைத் தடுக்க விடமாட்டார்கள். பெரியவர்கள் தொடரின் நாயகர்கள் ஒரு விமானியும் ஒரு பத்திரிகையாளரும் என்பதைக் கவனியுங்கள். ஒருவர் வில்லனை ஏற்றிச் செல்கிறார், மற்றவர் அவனைப் பற்றி எழுதுகிறார். நடப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க இதைவிட வசதியான வேலைகள் கிடையாது.

பிள்ளைகளின் நிலைமை இன்னும் மோசம். அவர்களுடைய கதை பெரியவர்களின் கதைக்குள்ளேயே நடக்கிறது. பெரிய சம்பவம் ஒவ்வொன்றும் அங்கே ஏற்கெனவே எழுதி முடிந்துவிட்டது, அதை மாற்ற இவர்களுக்கு அனுமதி இல்லை. அதனால் ஓடுகிறார்கள், ஒளிகிறார்கள், இணையத்தில் செய்தி பார்க்கிறார்கள், யாரையோ தேடிப் பயணம் போகிறார்கள். 40 புத்தகங்களுக்கு இது போதாது.

அவர்கள் செய்யும் ஒரே துணிச்சலான காரியம், பள்ளியில் இரகசியமாக ஒரு பத்திரிகை நடத்துவது. படிக்கும்போது எனக்கு ஹிட்லரின் ஆட்சியை எதிர்த்த ம்யூனிக் பல்கலைக்கழக மாணவர்களின் ‘வெள்ளை ரோஜா’ குழு ஞாபகம் வந்தது. துண்டறிக்கை விநியோகித்ததற்காக 1943 பிப்ரவரி 22-ல் கொல்லப்பட்டபோது அந்தக் குழுவின் சோஃபி ஷோலுக்கு வயது 21. போலந்தில் யூதர்கள் கொல்லப்படுவதை அந்த அறிக்கைகள் வெளிப்படையாகச் சொல்லின, ஆட்சிக்கு ஒத்துழைக்காதே என்று வாசகனைக் கேட்டன. ஜட்டும் விக்கியும் நடத்தும் பத்திரிகை, மறைந்தவர்கள் ஏன் மறைந்தார்கள், நீ எப்படி இரட்சிக்கப்படலாம் என்பதோடு நின்றுவிடுகிறது. விசுவாசிக்கு அது முக்கியம்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி இன்று யாரை என்ன செய்கிறது, அவர்களை எங்கே ஒளித்துவைக்கலாம் என்ற கேள்வி அந்தப் பிள்ளைகளுக்கு அவசரமாகத் தோன்றுவதே இல்லை.

ஓய்வுபெற்ற ஆசிரியர், மார்த்தாண்டம்: நீங்கள் நாவலைத் தாக்குவதுபோலத் தீர்க்கதரிசனத்தையே தாக்குகிறீர்கள். கர்த்தர் தீர்மானித்ததை மனிதன் எப்படித் தடுப்பான்?

ஐயா, தடுக்கச் சொல்லவில்லை. தீர்க்கதரிசனம் தெரிந்த பிறகு என்ன செய்தார்கள் என்று வேதாகமத்திலேயே பாருங்கள். ஏழு வருடப் பஞ்சம் வரும் என்று தெரிந்ததும் யோசேப்பு களஞ்சியம் கட்டினார். எகிப்தியருக்கும் அந்த தானியம் கிடைத்தது, சுற்றியிருந்த தேசத்தாருக்கும் கிடைத்தது. அப்போஸ்தலர் 11-ல் அகபு என்ற தீர்க்கதரிசி பஞ்சம் வருமென்று அறிவிக்கிறார். அந்தியோகியாவின் சீஷர்கள் உடனே ஆளாளுக்குத் தங்கள் திராணிக்குத் தக்கபடி யூதேயாவுக்குப் பணம் அனுப்புகிறார்கள். யூதரை அழிக்க உத்தரவு வந்தபோது மொர்தெகாய் ராணி எஸ்தரிடம் சொல்வது இன்னும் கூர்மையானது: நீ பேசாமல் இருந்தாலும் யூதருக்கு விடுதலை வேறிடத்திலிருந்து வரும். அதாவது முடிவு உறுதி. இருந்தும், நீ ராஜாவிடம் போ என்கிறார். யோனாவின் கதையில் நினிவே மனந்திரும்பியதால் நாற்பது நாள் கெடுவே மாறிப்போனது.

நாவல்களில் பாருங்கள். வரப்போவது நாள்கணக்கில் தெரிகிறது. எச்சரிக்கிறார்கள், அதை ஒப்புக்கொள்கிறேன். உணவுப் பரிமாற்றத்துக்கு உலகளவில் ஒரு கூட்டுறவு அமைப்புகூட உருவாக்குகிறார்கள். யாருக்காக? விசுவாசிகளுக்காக. பஞ்சத்தில் தவிக்கும் அடுத்த வீட்டுக்காரன் எங்கே என்று கேட்டால் என்னைத் தீர்க்கதரிசனத்துக்கு விரோதி என்கிறீர்களே!

மென்பொருள் பணியாளர், சென்னை: கதாநாயகர்கள் அந்திக்கிறிஸ்துவிடமே சம்பளம் வாங்குகிறார்கள். தானியேலும் பாபிலோனில் வேலை பார்த்தாரே, அதுபோல எடுத்துக்கொள்ளலாமா?

எடுத்துக்கொள்ளலாம், கதை அந்த வேலையை எதற்காவது பயன்படுத்தினால். முதல் நூலின் முடிவில் கார்பத்தியா எல்லோர் முன்னாலும் இரண்டு பேரைச் சுட்டுக் கொல்கிறான். மற்றவர்கள் மனதிலிருந்து அதை அழித்துவிடுகிறான். உள்ளே வருமுன் ஜெபித்துவிட்டு வந்த பத்திரிகையாளர் பக் வில்லியம்ஸுக்கு மட்டும் உண்மை தெரியும். தொழிலே செய்தி சொல்வது, ஆனால் அவர் உலகத்துக்குச் சொல்வதில்லை. அடுத்த நூலில் அதே கார்பத்தியாவின் ஊடக நிறுவனத்தில் பெரிய பதவியை ஏற்கிறார். விமானி ரேஃபோர்ட் ஸ்டீல் அவனுடைய விமானத்தை ஓட்டுகிறார், ஒட்டுக்கேட்கும் கருவி வழியாகத் திட்டங்களைக் கேட்கிறார், தொடர்ந்து ஓட்டுகிறார்.

வேதாகமத்தில் இதற்குச் சரியான ஒப்பீடு ஒபதியா என்று நினைக்கிறேன். ஆகாப் ராஜாவின் அரமனை விசாரிப்புக்காரன். யேசபேல் தீர்க்கதரிசிகளைக் கொன்றபோது நூறு பேரை ஐம்பது ஐம்பதாகக் கெபிகளில் ஒளித்துவைத்து அப்பமும் தண்ணீரும் கொடுத்துக் காப்பாற்றினான். பதவியை வைத்து என்ன செய்தான் என்று ஒரே வசனத்தில் சொல்லிவிட முடிகிறது. பிந்தைய நூல்களில் கணினி ஆள் ஒருவர் அரண்மனைக்குள்ளிருந்தே உதவுகிறார், அங்கே கதைக்குக் கொஞ்சம் உயிர் வருகிறது. ஆனால் அதுவும் பெரும்பாலும் தன் கூட்டத்தைக் காப்பாற்றத்தான்.

ஞாயிறு பள்ளி ஆசிரியை, நாகர்கோவில்: சிஸ்டர், கதையில் வரும் பிள்ளைகள் ஆட்சியின் காவலர்களிடம் பொய் சொல்லித் தப்பிக்கிறார்கள். என் வகுப்பில் ‘அப்ப பொய் சொல்லலாமா மிஸ்?’ என்று கேட்டுவிட்டார்கள். என்ன சொல்வது?

அந்தப் பிள்ளைகளைப் பாராட்டுங்கள். ஆசிரியர்கள் கேட்காததை அவர்கள் கேட்டிருக்கிறார்கள்.

இந்த வகைக் கதைகளில் என்னை அதிகம் உறுத்துவதும் இதுதான். ஒரு காட்சியில் போலிப் பெயர், போலி அடையாள அட்டை எல்லாம் சகஜம். இன்னொரு காட்சியில் சொல்லுக்குச் சொல் பொய் ஆகிவிடக் கூடாதே என்று வார்த்தையைச் சுற்றி வளைக்கிறார்கள். முதலாவதில் யாரும் தூக்கம் இழப்பதில்லை, இரண்டாவதற்கு ஒரு ஜெபம் வேறு. எந்த அளவுகோல் என்று வாசகனுக்குப் புரிவதில்லை. நம் ஆள் செய்தால் தந்திரம், எதிராளி செய்தால் வஞ்சகம் என்றுதான் பிள்ளைக்குப் பதிகிறது. ஒருமுறை மனந்திரும்பிவிட்டால் அப்புறம் செய்வதையெல்லாம் கதை எடை போடுவதே இல்லை.

வகுப்பில் பேச நல்ல எடுத்துக்காட்டுகள் இருக்கின்றன. பார்வோனிடம் பொய் சொன்ன மருத்துவச்சிகள் சிப்பிராளும் பூவாளும், வேவுகாரரை ஒளித்துவைத்த ராகாப். அப்புறம் நாஜிகளின் காலத்தில் ஹாலந்தின் ஹார்லெம் நகரில் யூதர்களை ஒளித்துவைத்த கோரி டென் பூம் குடும்பம். கோரி பொய் சொல்லத் துணிந்தவர். அவருடைய அக்கா நோலியோ எந்த நிலையிலும் பொய் சொல்லமாட்டேன் என்றவர். தன் வீட்டிலிருந்த பெண் யூதரா என்று சோதனைக்கு வந்தவர்கள் கேட்டபோது நோலி ஆமாம் என்று சொல்லிவிட்டார். நோலியையும் அந்தப் பெண்ணையும் பிடித்துக்கொண்டு போனார்கள், பிற்பாடு இருவருமே தப்பினார்கள். கோரிக்கு அக்கா மேல் வந்த கோபம் சாதாரணமானதல்ல, அதை அவரே எழுதியிருக்கிறார். ஒரே விசுவாசம், ஒரே குடும்பம், இரண்டு மனசாட்சி. இந்த நாவல்களில் அப்படி ஒரு சண்டை நடந்திருந்தால் நான் அவற்றைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியிருப்பேன்.

பதினோராம் வகுப்பு மாணவன், திருச்சி: மிருகத்தின் முத்திரையைப் போட்டுக்கொண்டால் மன்னிப்பே இல்லை என்கிறார்கள். வலுக்கட்டாயமாகப் போட்டுவிட்டால்?

தம்பி, பெரியவர்கள் தொடரில் இது அப்படியே வருகிறது. அந்திக்கிறிஸ்துவின் ஆட்சி கையிலோ நெற்றியிலோ போடும் அடையாளம்தான் அந்த முத்திரை, அது இல்லாதவன் எதையும் வாங்கவோ விற்கவோ முடியாது. சாங் வோங் என்ற பதின்ம வயதுப் பையனுக்கு மயக்கம் கொடுத்து முத்திரை குத்திவிடுகிறார்கள். நெற்றியில் விசுவாசியின் அடையாளமும் இருக்கிறது, மிருகத்தின் முத்திரையும் இருக்கிறது. அவன் படும் வேதனைதான் பிந்தைய நூல்களில் எனக்குப் பிடித்த பகுதி. வெளிப்படுத்தின விசேஷம் 14-ம் அதிகாரம் மிருகத்தை வணங்குவதையும் முத்திரையையும் சேர்த்தே பேசுகிறது, ஆகவே விருப்பமில்லாமல் குத்தப்பட்டவன் தப்பிக்க வழியிருக்கிறது என்று கதை தீர்க்கிறது. நியாயமான தீர்வுதான். ஆனால் பிள்ளைக்குச் சோறு வாங்க வேறு வழியில்லாமல் கைநீட்டிய தாய்? அவளுடைய விருப்பம் எவ்வளவு விருப்பம்? அங்கே கதை கண்ணை மூடிக்கொள்கிறது.

பெயர் வேண்டாம் என்றவர்: இதை வைத்து வீடியோ கேமும் வந்ததாமே?

ஆமாம், 2006-ல். நியூயார்க் தெருக்களில் ஆட்களை மனந்திருப்ப வேண்டும், தேவைப்பட்டால் துப்பாக்கியும் உண்டு. எதிரியைக் கொன்றால் ஆவிக்குரிய புள்ளி குறையும், ஜெபித்தால் மறுபடி ஏறும். சும்மா நிற்கும் ஹீரோ போய் இப்படி ஒருவன் வந்துவிட்டான்! கொலைக்குப் பின் ஒரு பொத்தானை அழுத்தினால் கணக்கு நேராகிவிடும் என்பதை விமர்சகர்கள் அப்போதே கடுமையாகத் திட்டினார்கள்.

எழுத ஆசைப்படுபவர், மதுரை: இரகசிய வருகையை வைத்துத் தமிழில் இளையோர் நாவல் எழுதுகிறேன். முடிவு தெரிந்த கதையில் ஹீரோவை எப்படிச் செயல்பட வைப்பது?

நம் ஊருக்கு இது அந்நியமான விஷயமில்லை. முன்பு சொன்ன டார்பியும் இருந்த பிரதரன் இயக்கத்தின் ஆரம்பத் தலைவர்களில் ஒருவரான ஆன்டனி நாரிஸ் குரோவ்ஸ் 1833-லேயே இந்தியா வந்துவிட்டார். திருநெல்வேலிச் சீமையின் அருளப்பன் அவரோடு தொடர்புடையவர். ஆகவே கதையைச் சிகாகோவிலிருந்து இறக்குமதி செய்ய வேண்டாம்.

சி. எஸ். லூயிஸின் நார்னியா தொடரின் கடைசி நூலான ‘த லாஸ்ட் பேட்டில்’ 1956-ல் வந்தது, அதையும் ஒருமுறை படியுங்கள். உலகம் அழியத்தான் போகிறது, யாராலும் தடுக்க முடியவில்லை. ஆனால் ஜில் என்ற பெண் யாரும் சொல்லாமலே இருட்டில் தொழுவத்துக்குள் போய், சிங்கத்தோல் போர்த்தி ஏமாற்றப் பயன்படுத்திய கழுதையை வெளியே கொண்டுவருகிறாள். சண்டையின் போக்கே மாறுகிறது, முடிவு மாறவில்லை. எதிரிப் படையைச் சேர்ந்த எமெத் என்ற வீரன் நேர்மையாகத் தேடியதால் ஏற்றுக்கொள்ளப்படுகிறான். தொடரின் முந்தைய நூல்களில் வரும் சூசன் என்ற பெண்ணை லூயிஸ் இதில் நடத்தியவிதம் எனக்கு உடன்பாடில்லை, அது வேறு கதை.

உங்கள் நாவலில் வானத்தில் நடப்பதை அட்டவணைக்கே விட்டுவிடுங்கள். தெருவில் நடப்பதை ஹீரோவிடம் கொடுங்கள். யாரை வீட்டுக்குள் விடுவது, கடைசி அரிசி மூட்டையை யாருக்குப் பிரிப்பது, காட்டிக்கொடுத்தவனை என்ன செய்வது. அவன் தப்பாக முடிவெடுக்கவும் வேண்டும், அதற்கு யாராவது விலை கொடுக்கவும் வேண்டும்.

ஒரு தாய், கோவை: என் மகளுக்கு 13 வயது. இந்தத் தொடரைப் படிக்கத் தொடங்கியதிலிருந்து, வீட்டில் யாரையும் காணாவிட்டால் ‘எல்லாரும் போயிட்டாங்களா’ என்று பதறுகிறாள். நிறுத்திவிடவா?

அந்தப் பதற்றம் இந்தக் கதைகளைப் படித்தும் படம் பார்த்தும் வளர்ந்த பல பேருக்கு இருந்திருக்கிறது. உங்கள் மகள் தனி ஆள் இல்லை. புத்தகத்தைப் பிடுங்கினால் ஒளித்துவைத்துப் படிப்பாள். ராத்திரியில் வேண்டாம் என்று சொல்லுங்கள், பகலில் நீங்களும் கூட உட்கார்ந்து படியுங்கள். ஜட்டோ விக்கியோ ஓர் ஆபத்து வருவதை அறியும் இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, ‘நீயாயிருந்தா இப்ப யாருக்கு முதல்ல போன் பண்ணுவ?’ என்று கேளுங்கள். அவள் சொல்லும் பதிலையும் கதையில் நடப்பதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பேசுங்கள். இதையெல்லாம் செய்தும் தூக்கம் கெட்டால், அப்போது தயங்காமல் நிறுத்திவிடுங்கள்.