வயலின் சோறு போடுமா?

வணக்கம் அம்மா. மகன் பெல்ஜியம் போய் வயலின் படிக்க ஆசைப்படுகிறான், ஆனால் தனியாக மேடையேறி வாசிக்கும் அளவுக்கு வராவிட்டால் பிழைப்புக்கு என்ன செய்வான் என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான பயம்தான். அந்த நாட்டின் மிகப் பெரிய வயலின் கலைஞரான யூஜீன் இசாயியே தனிக் கச்சேரியை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்தவில்லை.

1858-ல் லியேஜ் நகரில் பிறந்தவர். அப்பாதான் முதல் வாத்தியார். ஏழு வயதில் உள்ளூர் கன்சர்வேட்டரியில், அதாவது இசைக் கல்லூரியில் சேர்ந்து, பாதியில் வெளியே வந்துவிட்டார். வாத்தியாரோடு ஒத்துப்போகவில்லை, வீட்டுக்காக ஆர்கெஸ்ட்ராவில் வாசித்துச் சம்பாதிக்கவும் வேண்டியிருந்தது. அப்புறம் வியூதாம் என்ற பெரிய கலைஞர் தலையிட்டு, வேறொரு வாத்தியாரிடம் சேர்த்துவிட்டார். பையனுக்குச் சமீபமாக ஆர்வம் குறைகிறது என்கிறீர்களே, ஆசிரியரை மாற்றிப் பார்த்தீர்களா?

இசாயியின் முதல் பெரிய வேலை பெர்லினில், பில்சே ஆர்கெஸ்ட்ராவில் முதல் வயலின். மக்கள் மேசையில் பீரை வைத்துக்கொண்டு கேட்கும் கச்சேரிகள் அவை. கௌரவக் குறைச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அங்கிருந்து பிரிந்த கலைஞர்கள்தான் 1882-ல் உலகப் புகழ்பெற்ற பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள்.

1886 முதல் 1898 வரை பிரசல்ஸ் கன்சர்வேட்டரியில் பேராசிரியர். கூடவே சொந்தமாக ஒரு குவார்ட்டெட், அதாவது நால்வர் வாத்தியக் குழு. பிரெஞ்சு இசையமைப்பாளர் டெபூசி நால்வருக்காக எழுதிய படைப்பை 1893-ல் முதன்முதலாக வாசித்தது அவர்கள்தான். பின்னாளில் வில் பிடிக்கும் கை நடுங்கத் தொடங்கியபோது, 1918-லிருந்து நான்கு வருடம் அமெரிக்காவில் சின்சினாட்டி சிம்பொனி ஆர்கெஸ்ட்ராவை நடத்தினார். 1923-ல் எழுதிய ஆறு தனி வயலின் சொனாட்டாக்களில் (துணை வாத்தியம் இல்லாமல் வயலின் மட்டும் வாசிக்கும் படைப்புகள்) ஒவ்வொன்றும் ஓர் இளைய கலைஞருக்கானது, அவரவர் வாசிப்புக்கு ஏற்றாற்போல. அவர்களில் ஒருவரான தீபோவுக்கு எழுதியது, பழைய ஜெர்மன் மேதை பாஹின் பிரெலூடு என்ற முன்னிசையின் வரியோடு தொடங்கும். அடுத்தவர் கை எப்படி ஓடும் என்பதைக் கவனித்துப் பழகிய வாத்தியாருக்குத்தான் அப்படி எழுத வரும்.

சரி, உங்கள் பையனுக்கு வருவோம். பிரசல்ஸில் பிரெஞ்சு வழி, டச்சு வழி என இரண்டு கன்சர்வேட்டரிகள் தனித்தனியாக இருக்கின்றன. இளங்கலை மூன்று வருடம், முதுகலை இரண்டு. நுழைவு ஆடிஷனில்தான், அதாவது நேரில் வாசித்துக் காட்டித்தான்; கிரேடு சான்றிதழைக் காட்டி உள்ளே போக முடியாது. அரசு உதவியில் நடக்கும் மாலைநேர இசைப் பள்ளிகள் அங்கே ஊருக்கு ஊர் உண்டு. அவற்றில் வேலை வேண்டுமானால் கற்பிக்கும் தகுதியும், மாணவர்களோடு பேச அந்த ஊர் மொழியும் வேண்டும். மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். பலர் கோட்டை விடுவது இதில்தான்.

லட்சக்கணக்கில் புது வயலின் இப்போது வேண்டாம். அந்தப் பணத்தில் ஒரு பகுதியைச் செலவழித்து ஓர் ஆர்கெஸ்ட்ரா முகாமுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்ததும், எவ்வளவு நன்றாக வாசித்தாய் என்று கேட்க வேண்டாம். பத்துப் பேரோடு உட்கார்ந்து ஒரே வரியை வாசிக்கப் பிடித்ததா என்று கேட்டு, அவன் சொல்வதை எனக்கு எழுதுங்கள்.