இடி, மின்னல்: தமிழக-கேரள எல்லையோரத்தார் கேள்விகளுக்கு ஓர் இயற்பியல் ஆசிரியரின் பதில்கள்

கேள்வி (வேலந்தாவளம்): ஐயா, போன ஐப்பசியில் எங்கள் தோப்பில் ஒரு தென்னையில் இடி விழுந்தது. மாட்டைப் பத்தடி தள்ளித்தான் கட்டியிருந்தோம். உடம்பில் ஒரு காயமும் இல்லை, ஆனால் செத்துக் கிடந்தது. எப்படி?

பதில்: மாட்டைக் கொன்றது மண்ணுக்குள் பரவிய மின்னோட்டம். மின்னலின் உச்ச மின்னோட்டம் சுமார் 30,000 ஆம்பியர். நம் வீட்டு பிளக் 5 அல்லது 15 ஆம்பியருக்கானது. மின்னலின் மின்னோட்டம் மரத்தடியில் இறங்கி நாலாபக்கமும் பரவும்போது, மரத்தின் அருகே மின்னழுத்தம் மிகுந்தும் தள்ளிப் போகப்போகக் குறைந்தும் இருக்கும். ஆகவே மரத்தைப் பார்த்து நின்ற மாட்டின் முன்காலுக்கும் நாலைந்து அடி பின்னால் இருந்த பின்காலுக்கும் இடையே பெரும் வேறுபாடு உண்டாகி, மின்சாரம் ஒரு காலில் ஏறி மறுகாலில் இறங்கியிருக்கும். வழியில் இருப்பது இதயம். மனிதனுக்குக் கால்களின் இடைவெளி குறைவு என்பதால் ஆபத்தும் சற்றுக் குறைவு, அவ்வளவுதான். தென்னைக்கு இருப்பது ஒரே குருத்து. அது கருகியிருந்தால் மரத்தையும் மறந்துவிடுங்கள்.

கேள்வி (கோவிந்தாபுரம்): இடிதாங்கி வைத்தும் டிவி எரிந்துபோனதே?

பதில்: இடிதாங்கி கட்டடத்தைத்தான் காக்கும். மின்கம்பி வழியாகவும் கேபிள் வழியாகவும் வரும் மின்னழுத்தத்துக்கு, மழை கறுக்கும்போதே பிளக்கைப் பிடுங்குவதுதான் மருந்து.

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, கல்லூரி மாணவி): சார், மேகத்துக்குள் எத்தனை வோல்ட் இருக்கும்? அளக்க முடியுமா?

பதில்: நமக்குப் பக்கத்தில், ஊட்டியிலேயே அளந்திருக்கிறார்கள் அம்மா. பலூன் அனுப்பினால் அது போகும் பாதையில் உள்ளதை மட்டுமே சொல்லும். அங்குள்ள கிரேப்ஸ்-3 ஆய்வகமோ, விண்வெளிக் கதிர்களால் காற்றில் பிறந்து ஓயாமல் பொழியும் மியூவான் என்ற நுண்துகள்களை எண்ணுகிறது. அவற்றில் நேர்மின், எதிர்மின் என இரு வகை உண்டு; நேர்மின் துகள்கள் சற்று அதிகம். மேகத்தின் மின்புலம் ஒரு வகையை வேகப்படுத்தி மற்றதைத் தடுப்பதால், மொத்த எண்ணிக்கை இலேசாக மாறும். 2014 டிசம்பர் 1 அன்று எழுந்த இடிமேகத்தில் அந்த எண்ணிக்கை சுமார் 2 சதவீதம் குறைந்தது. அதிலிருந்து கணக்கிட்ட அழுத்தம் 130 கோடி வோல்ட். இடிமேகத்தில் நூறு கோடி வோல்ட் இருக்கலாம் என்று இயற்பியலாளர் சி.டி.ஆர். வில்சன் 1929இல் சொன்னதற்கு, 2019இல் வெளியான இந்த ஆய்வுதான் சான்று.

கேள்வி (எருத்தேம்பதி): இடி இடித்தால் பாட்டி "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பார். பயன் உண்டா?

பதில்: இடி காதில் விழும்போது அந்த மின்னல் போயே போய்விட்டது. மின்னல் தெரிந்ததுமே நிதானமாக, வினாடிக்கு ஒரு முறை சொல்லத் தொடங்கச் சொல்லுங்கள்: மூன்று அர்ச்சுனனுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பதுக்குள் இடி கேட்டால் பாட்டியைத் திண்ணையிலிருந்து உள்ளே கூட்டிக்கொண்டு போங்கள்.