கன்னியாச் சுடுநீருக்குக் கீழே எரிமலை இல்லை

அக்கா, திருகோணமலைக்குப் பக்கத்துக் கன்னியா வெந்நீர்க் கிணறுகளில் குளித்துவிட்டு வந்த மகன் "கீழே எரிமலை இருக்கு, வெடிக்கும்" என்று நித்திரை கொள்ளாமல் அழுவதாக எழுதியிருந்தீர்கள். பாவம் பிள்ளை.

திருகோணமலைக்குக் கீழே எரிமலை இல்லை. மழைநீர் பாறை வெடிப்புகளுக்குள் ஆழமாய் இறங்குகிறது. ஒரு கிலோமீற்றர் இறங்கினால் சூடு ஏறத்தாழ 25 பாகை கூடும். அந்தச் சூட்டோடு நீர் திரும்ப மேலே வருகிறது, அவ்வளவுதான். குமுறி வெடிக்க உருகிய பாறைக்குழம்பும் அதில் அடைபட்ட வாயுவும் வேண்டும்.

அடுத்தமுறை ஏழு கிணற்றிலும் வாளியால் அள்ளி, கை வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றிலும் சூடு கொஞ்சம் வித்தியாசம். என் மகளுக்கு அந்த விளையாட்டிலேயே பயம் போனது.

கடலைப் பற்றிக் கேட்டால் மட்டும் மறைக்காதீர்கள். 2004 டிசம்பர் 26இல் சுமாத்திராவுக்கு அருகே கடலடி அதிர்ந்துதான் அலை நம் கரைக்கு வந்தது. கடல் திடீரென உள்வாங்கினால் மேட்டுக்கு ஓட வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.